வரைகலை அட்டை வாங்கும் முன்

உயர்நிலை மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்பு உறைகள், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் செலவழிக்காமல் மிச்சம்பிடித்த காசு, பிறந்தநாளுக்குப் பாட்டி கொடுத்தது என எல்லாம் சேர்ந்து 500 வெள்ளி தேறியிருக்கிறது. அக்காவின் ஆறு ஆண்டுப் பழைய கணினி இப்போது அவனுக்கு வந்திருக்கிறது. அதில் புதிய விளையாட்டுகள் சரியாக ஓடுவதில்லை. பள்ளி ஊடக மன்றத்துக்காகக் காணொளியைத் தொகுக்கும்போதும் கணினி திணறுகிறது. நல்ல வரைகலை அட்டை ஒன்றைப் பொருத்தினால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எந்த அட்டை என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. தவறான அட்டையை வாங்கிவிட்டால் இன்னொன்று வாங்க மேலும் இரண்டு ஆண்டுகள் சேமிக்க வேண்டும். அதனால் அவன் முதலில் படிக்கத் தொடங்குகிறான்.

வரைகலை அட்டையைக் கடைகளில் ‘கிராஃபிக்ஸ் கார்டு’ என்றே கேட்பார்கள். திரையில் தோன்றும் படத்தை வரைவது அதன் வேலை. பலருடைய மேசையில் இருக்கும் சாதாரணக் கணினித் திரையில் 1920 × 1080 புள்ளிகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் 2 மில்லியனுக்கும் மேல். விளையாட்டில் ஒரு வினாடிக்கு 60 படங்கள் மாறினால், 124 மில்லியன் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். கணினியின் மையச் செயலி கடினமான கணக்குகளை விரைவாகச் செய்யும் ஒரு சில கெட்டிக்காரர்களைப் போன்றது. வரைகலை அட்டையோ எளிய கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் ஆயிரக்கணக்கான உதவியாளர்களைக் கொண்டது. இந்த உதவியாளர்களைக் ‘கோர்’ என்பார்கள்.

இன்று இத்தகைய அட்டைகளுக்கான சில்லுகளை வடிவமைப்பதில் மூன்று நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. 1993இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட என்விடியா அவற்றுள் முன்னணியில் இருக்கிறது. கனடாவின் ஏடிஐ நிறுவனத்தை 2006இல் வாங்கிய ஏஎம்டி அதன் பழைய போட்டியாளர். இன்டெல் 2022இல்தான் ‘ஆர்க்’ என்ற பெயரில் இந்தச் சந்தைக்குள் நுழைந்தது. நம் மாணவனின் கண்ணில் பட்ட அட்டைகளும் மூன்று. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, 2023இல் 299 அமெரிக்க டாலர் விலையில் அறிமுகமானது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600 அதே ஆண்டில் 269 டாலருக்கு வந்தது. இன்டெலின் ஆர்க் பி580, 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்தது.

பெட்டிகளின் மேல் எண்களுக்குக் குறைவில்லை. 4060இல் 3,072 கோர்கள், 7600இல் 2,048 கோர்கள். அப்படியானால் முன்னது பின்னதைவிட ஒன்றரை மடங்கு வேகமானதா? இல்லை. சாதாரண விளையாட்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் கோரை வெவ்வேறு விதமாக வடிவமைக்கிறது. ஆகவே, ஒரு நிறுவனத்தின் கோரை மற்றொன்றின் கோரோடு ஒப்பிடுவது மாம்பழத்தையும் டுரியானையும் எண்ணிக்கையால் ஒப்பிடுவதைப் போன்றது. ஒரே நிறுவனத்துக்குள்கூட இந்த எண் ஏமாற்றும். 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060இல் 3,584 கோர்கள் இருந்தன. கோர்கள் குறைந்த 4060 அதைவிட வேகமானது. புதிய சில்லு ஒவ்வொரு வினாடியும் அதிக முறை துடிக்கிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

பெயரும் சில நேரம் உதவாது. 2017இல் ஜிடி 1030 என்ற மலிவான அட்டை வெளிவந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் இன்னொரு வகையும் கடைகளுக்கு வந்தது. முதல் வகை வினாடிக்கு 48 கிகாபைட் தகவலைத் தன் நினைவகத்திலிருந்து எடுக்கக்கூடியது. இரண்டாம் வகையால் 16.8 கிகாபைட்டுக்கு மேல் எடுக்க முடியாது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! விளையாட்டுகளில் அதன் வேகம் வெகுவாகக் குறைந்தது. பெட்டியின் மேலிருந்த சிறு எழுத்துகளைப் படித்தவர்களுக்கு மட்டுமே வேறுபாடு தெரிந்தது. பெயரை மட்டும் பார்த்து, எது மலிவோ அதை எடுத்தவர்கள் ஏமாந்தார்கள்.

எண்ணும் பெயரும் போதாவிட்டால் எதைத்தான் நம்புவது? ஒரே கணினியில் ஒவ்வோர் அட்டையாகப் பொருத்தி, ஒரே விளையாட்டை, ஒரே அமைப்பில் ஓட்டிப் பார்க்கும் சோதனைகளைத்தான். திரையில் தோன்றும் ஒவ்வொரு முழுப் படத்துக்கும் ‘ஃபிரேம்’ என்று பெயர். ஒரு வினாடிக்குச் சராசரியாக எத்தனை ஃபிரேம்களை அட்டை வரைகிறது என்பதே சோதனையின் முதன்மை முடிவு. 30 என்றால் ஓரளவு விளையாடலாம். 60 என்றால் காட்சி வழுக்கிக்கொண்டு செல்லும்.

ஆனால், சராசரிக்குள்ளும் ஒரு பள்ளம் மறைந்திருக்கிறது. இரண்டு அட்டைகளும் ஒரு வினாடியில் 60 ஃபிரேம்களை வரைகின்றன என்று கொள்வோம். முதல் அட்டை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சீராக 16.7 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது அட்டை 50 ஃபிரேம்களைத் தலா 10 மில்லிவினாடியில் வரைந்துவிட்டு, மீதி 10 ஃபிரேம்களுக்குத் தலா 50 மில்லிவினாடி எடுக்கிறது. கூட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் மொத்தம் ஒரு வினாடிதான், இரண்டுக்கும் சராசரி 60தான். ஆயினும், இரண்டாவது அட்டையில் விளையாடுபவர் காட்சி விட்டுவிட்டு நிற்பதை உணர்வார். பந்தை உதைக்கும் நொடியிலோ வளைவில் காரைத் திருப்பும் நொடியிலோ அது நின்றால் ஆட்டமே போய்விடும். 2011இல் ஸ்காட் வாசன் என்ற அமெரிக்க விமர்சகர் இதைச் சுட்டிக்காட்டி, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியே அளந்து வெளியிட்டார். அதன்பின் சோதனை செய்பவர்கள் பலரும் சராசரியோடு நிறுத்திக்கொள்வதில்லை. மிக மெதுவான ஒரு விழுக்காட்டு ஃபிரேம்களின் வேகத்தையும் சேர்த்தே தருகிறார்கள். வரைபடங்களில் ‘1% லோ’ என்று இருப்பது இதுதான். இரண்டு அட்டைகளின் சராசரி நெருக்கமாக இருந்தால், இந்த எண் உயர்ந்திருக்கும் அட்டையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

சோதனையை யார் செய்தார் என்பதும் முக்கியம். 2001இல் ஏடிஐயின் ரேடியான் 8500 அட்டை ‘குவேக் 3’ என்ற புகழ்பெற்ற விளையாட்டில் சிறப்பாக ஓடியது. சில விமர்சகர்களுக்கு ஐயம் எழுந்தது. அவர்கள் விளையாட்டின் கோப்பில் ‘குவேக்’ என்று இருந்த இடங்களை ‘குவாக்’ என்று மாற்றினார்கள். வேறு எதையும் தொடவில்லை. உடனே வேகம் குறைந்தது, படத்தின் தரமோ கூடியது! அட்டையை இயக்கும் மென்பொருள், விளையாட்டின் பெயரைக் கண்டதும் படத்தின் தரத்தைச் சற்றுக் குறைத்து வேகத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது. பின்னர் வந்த மென்பொருளில் ஏடிஐ அதைச் சரிசெய்தது. ஓர் எழுத்து விளையாட்டால் வெளிப்பட்ட உண்மை என்பதால் அந்தச் செய்தி இன்றும் நினைவுகூரப்படுகிறது.

அண்மைக் காலத்தில் இன்னொரு வகை ஒப்பீடு வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் என்விடியா, தன் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 அட்டை, 1,599 டாலருக்கு அறிமுகமான ஆர்டிஎக்ஸ் 4090க்கு நிகரான வேகம் தரும் என்று மேடையில் அறிவித்தது. அது எப்படி இயலும்? புதிய அட்டை ஒரு ஃபிரேமை வரைந்தபின், செயற்கை நுண்ணறிவின் துணையால் மேலும் மூன்று ஃபிரேம்கள்வரை ஊகித்து இடையில் நுழைக்கிறது. அந்த வசதியையும் கணக்கில் சேர்த்தே நிறுவனம் பேசியது. அதை நிறுத்திவிட்டு விமர்சகர்கள் சோதித்தபோது, 5070 வெகுவாகப் பின்தங்கியது. ஊகித்த ஃபிரேம்கள் பயனற்றவை என்று சொல்ல முடியாது. காட்சி மென்மையாகத் தெரியும். ஆனால், நீங்கள் சுட்டியை அசைத்ததை அவை அறியாது. கண்ணுக்கு 120 ஃபிரேம், கைக்கு 30 ஃபிரேம் என்ற நிலை ஏற்படும். ஆகவே, ஒரு வரைபடத்தைப் பார்க்கும்போது இந்த வசதி எல்லா அட்டைகளுக்கும் ஒரே மாதிரி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டையின் நினைவகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை உங்கள் படிப்பு மேசையாக நினைத்துக்கொள்ளுங்கள். தேவையான புத்தகங்கள் எல்லாம் மேசையில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். மேசை நிரம்பிவிட்டால், ஒவ்வொரு முறையும் எழுந்து அடுத்த அறையிலுள்ள அலமாரிக்குப் போக வேண்டும். 4060 தன் சொந்த நினைவகத்திலிருந்து வினாடிக்கு 272 கிகாபைட் தகவலை எடுக்கும். அது நிரம்பிவிட்டால் கணினியின் பொது நினைவகத்தை நாட வேண்டும். அந்த வழியில் ஏறக்குறைய 16 கிகாபைட்தான் வரும், பழைய கணினிகளில் அதிலும் பாதி. 4060, 7600 இரண்டிலும் 8 கிகாபைட் நினைவகம் உள்ளது. பி580இல் 12 கிகாபைட். இன்றைய பெரிய விளையாட்டுகள் சிலவற்றை மிக உயர்ந்த தரத்தில் ஓட்டினால் 8 கிகாபைட் போதவில்லை. இந்த இடத்தில் மலிவான இன்டெல் அட்டைதான் முந்துகிறது.

அப்படியானால் பி580ஐ வாங்கிவிடலாமே? மாணவனும் அப்படித்தான் முடிவு செய்தான். அக்காவிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, நீ பார்த்த சோதனை எல்லாம் எந்தக் கணினியில செஞ்சது?”

அவன் திரும்பிப் போய்ப் பார்த்தான். எல்லாச் சோதனைகளும் மிக வேகமான புதிய மையச் செயலி கொண்ட கணினியில் செய்யப்பட்டவை. அட்டைகளுக்கிடையே உள்ள வேறுபாடு மட்டும் தெரிய வேண்டும் என்பதால் விமர்சகர்கள் அப்படிச் செய்வது சரியே. ஆனால், வாங்குபவரின் வீட்டில் அந்தக் கணினி இருப்பதில்லை. பி580ஐப் பழைய அல்லது மலிவான செயலியுடன் சேர்த்தால் அதன் வேகம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகக் குறைகிறது என்பதை 2025 தொடக்கத்தில் விமர்சகர்கள் சிலர் சோதித்துக் காட்டினார்கள். அதோடு, ஆர்க் அட்டைகள் முழு வேகத்தில் ஓடத் தாய்ப்பலகையில் ஒரு தனி வசதி வேண்டும். பல பழைய கணினிகளில் அது இல்லை. புதிய கணினி வைத்திருப்பவருக்கு மூன்றில் மிகச் சிறந்த பேரமாக இருக்கும் அட்டை, இவனுக்கு முதலில் கழிக்கவேண்டிய அட்டையாகிவிட்டது.

திரையையும் பார்க்க வேண்டும். அவனுடைய திரை வினாடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். அதை 60 ஹெர்ட்ஸ் திரை என்பார்கள். அட்டை 140 ஃபிரேம் வரைந்தாலும் திரை காட்டுவது 60தான். அத்தகைய திரை வைத்திருப்பவர் இன்னும் 200 வெள்ளி கொடுத்து மேல்நிலை அட்டை வாங்கினால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது.

இனி விலைக்கு வருவோம். ஒப்பிடுவதற்கு எளிய வழி, விலையைச் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையால் வகுப்பது. கற்பனையாக இரண்டு அட்டைகளை எடுத்துக்கொள்வோம். ‘அ’ 400 வெள்ளி, 80 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 5 வெள்ளி. ‘ஆ’ 520 வெள்ளி, 96 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 5 வெள்ளி 42 காசு. ‘அ’ தான் மலிவு. பெரும்பாலானோர் இங்கே கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

மின்சாரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். ‘அ’ 200 வாட் இழுக்கிறது, ‘ஆ’ 120 வாட். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் விளையாட்டு (இந்தப் பத்தியைப் பெற்றோரிடம் காட்ட வேண்டாம்), ஒரு யூனிட் மின்சாரம் 30 காசு, நான்கு ஆண்டுப் பயன்பாடு என்று கொள்வோம். ‘அ’ ஆண்டுக்கு 219 யூனிட் எடுக்கும். நான்கு ஆண்டுகளில் அதற்கான செலவு 262 வெள்ளி 80 காசு. ‘ஆ’வுக்கு 157 வெள்ளி 68 காசு. விலையோடு கூட்டினால் ‘அ’வின் மொத்தச் செலவு 662 வெள்ளி 80 காசு, ‘ஆ’வின் மொத்தச் செலவு 677 வெள்ளி 68 காசு. இப்போது வகுத்தால் ‘அ’வின் ஒரு ஃபிரேம் 8 வெள்ளி 29 காசு, ‘ஆ’வின் ஒரு ஃபிரேம் 7 வெள்ளி 6 காசு. வரிசையே மாறிவிட்டது. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுபவருக்கு வேறுபாடு மிகவும் சுருங்கிவிடும். அதனால் உங்கள் சொந்த எண்களைப் போட்டுத்தான் இந்தக் கணக்கைச் செய்ய வேண்டும்.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. அட்டை இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் வருகிறது. குளிர்நாட்டில் வாழ்பவர் அதைப் பொருட்படுத்தமாட்டார். பிற்பகல் வெயில் அடிக்கும் வீவக வீட்டின் சிறிய படுக்கையறையில் அது பெரிய வேறுபாடு. நம் மாணவனின் பட்டியலில் 4060 அதிகபட்சம் 115 வாட், 7600 ஏறத்தாழ 165 வாட், பி580 ஏறத்தாழ 190 வாட் இழுக்கின்றன.

நிறுவனங்கள் அறிவிக்கும் டாலர் விலையை அப்படியே வெள்ளிக்கு மாற்றிவிட்டுக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சிலர் கோபப்படுவதுண்டு. ஒரு டாலர் 1 வெள்ளி 30 காசு என்று கொண்டால், 299 டாலர் ஏறக்குறைய 389 வெள்ளி. அமெரிக்காவில் அறிவிக்கப்படும் விலையில் வரி சேர்ந்திருக்காது. இங்கே 9 விழுக்காடு பொருள், சேவை வரியைச் சேர்த்தால் 424 வெள்ளி ஆகிவிடும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினாலும் இந்த வரியிலிருந்து தப்ப முடியாது. 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கும் அது விதிக்கப்படுகிறது. பழுதானால் அட்டையை எங்கே அனுப்புவது என்ற கேள்வியும் இருக்கிறது. இங்குள்ள கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்று பொதுவாகக் கருதப்படும். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் சட்டம்’ அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. தனிநபர் ஒருவரிடம் பழைய அட்டையை வாங்குபவருக்கு அது கிடையாது.

பழைய அட்டை வாங்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. 2021இல் மின்னிலக்க நாணயம் ஈட்டுவதற்காகப் பலர் அட்டைகளை மொத்தமாக வாங்கிக் குவித்தார்கள். கடைகளில் அட்டையே கிடைக்காமல் விலை ஏறியது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் ஈத்தரியம் என்ற நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த வேலைக்கு அட்டைகள் தேவையற்றுப் போயின. இரவு பகலாக ஓடிய அட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. ஓர் அட்டையை விற்பவர் அதைத் தன் வீட்டுக் கணினியில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சம்மதித்தால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். மறுத்தால் திரும்பி வந்துவிடுவதே நல்லது.

மாணவனின் பட்டியலில் இப்போது இரண்டு அட்டைகள் மிஞ்சியிருந்தன. 7600இன் விலை குறைவு. 4060 குறைவான மின்சாரம் எடுக்கும், ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் ‘ரே டிரேசிங்’ காட்சிகளில் முந்தும், அவன் பயன்படுத்தும் காணொளித் தொகுப்பு மென்பொருளிலும் நன்றாக ஓடும். விளையாட்டு மட்டும் என்றால் 7600 போதும் என்றுதான் அவனுக்கும் தோன்றியது. ஊடக மன்றத்தின் வேலை அவனை 4060 பக்கம் சாய்த்தது.

சனிக்கிழமை காலை அக்காவுடன் சிம் லிம் சதுக்கத்துக்குப் புறப்படும் முன், கணினியின் பக்கப்பலகையைக் கழற்றி உள்ளே அடிக்குச்சியை வைத்து அளந்தான். அட்டைக்கு இருந்த இடம் 26 சென்டிமீட்டர். முதல் கடையில், மூன்று விசிறிகளும் வண்ண விளக்குகளும் கொண்ட 4060 ஒன்றைக் காட்டி, “இதுதான் தம்பி வேகமானது” என்றார் கடைக்காரர். விலை 60 வெள்ளி அதிகம். பெட்டியில் நீளம் 30 சென்டிமீட்டர் என்று இருந்தது. அவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு விசிறி கொண்ட சிறிய வகை இருக்கிறதா என்று கேட்டான்.